இடப்பக்கம் சாய்ந்த முள்

கடலூர் முதுநகர்,
12.2.2024

அன்புள்ள மாப்பிள்ளை அன்பரசுவுக்கு,

ஆரோக்கியராஜ் எழுதுவது. இங்கே காதைத் தவிர மற்ற உறுப்புகள் எல்லாம் சுகம். அங்கே நீங்களும் தங்கச்சி பிரிசில்லாவும் எப்படி இருக்கிறீர்கள்? உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

போன வாரம் ஸ்டூடியோ இளவரசு நம் ரெக்கார்டிங்கை உங்களுக்கு அனுப்பினான். கேட்டீர்களா என்று வாட்ஸ்அப்பில் விசாரித்தேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது. மாப்பிள்ளை, ராணுவ பேண்டில் இருபத்திரண்டு வருஷம் ஹார்ன் ஊதியவன் நான். உங்களையும் உங்கள் கீபோர்டையும் மேல்பட்டாம்பாக்கம் கோவில் ஹாலுக்கு இழுத்துக்கொண்டு போய், ஃபேனை நிறுத்திவிட்டு வேர்க்க வேர்க்க உட்கார்ந்து, கரும்பு டிராக்டர் போகும்வரை காத்திருந்து காத்திருந்து, மோசார்ட்டின் நாலு ஹார்ன் கன்செர்ட்டோவையும் அவர் முடிக்காமல் விட்ட ஒன்றையும் வாசித்தோம். அதற்கு ஒரு கட்டைவிரலா?

அதனால்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் எனக்குக் கேட்காது. நேரில் வந்தால் பிரிசில்லா நடுவில் நின்று சைகை காட்டுவாள், நீங்கள் தலையாட்டுவீர்கள். பேப்பரில் தலையாட்ட முடியாது.

2022 நவம்பரில் வாசித்து முடித்தோம். இளவரசு அதை வெட்டி ஒட்டித் தருவதற்குள் என் காது போய்விட்டது. நான் வாசித்ததை நானே கேட்டதில்லை. மெஷின் மாட்டினால் பேச்சு கொஞ்சம் பிடிபடுகிறது. சங்கீதம் போட்டாலோ தகர டப்பாவில் கல்லைப் போட்டு ஆட்டுகிற மாதிரி இருக்கிறது. ஆகவே இனி உங்கள் காதுதான் எனக்கும் காது.

நாலைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அந்த நாலிலும் ஒன்றை அவர் முடிக்காமல்தான் செத்துப்போனார், மாணவர் ஒருவர் முடித்து வைத்தார், உலகம் ஒத்துக்கொண்டது. என் கவலை கடைசியில் வருகிறதே, அதைப் பற்றித்தான். தாளக் கட்டம் கட்டமாகத் தொண்ணூற்றொரு பார் எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். தொண்ணூற்று இரண்டிலிருந்து நான் எழுதியது. அது எப்படி இருக்கிறது? இந்த ஒன்றை மட்டும் சொல்லுங்கள். ஈஸ்டருக்குள் சொன்னால் இளவரசு சி.டி. போட்டுவிடுவான்.

பதிலை எதிர்பார்க்கும்,
ஆரோக்கியராஜ்

*

சிதம்பரம்,
24.2.2024

மதிப்பிற்குரிய மச்சானுக்கு,

நாங்கள் இருவரும் நலம். முழங்கால் படியேறும்போது மட்டும் முறைத்துக்கொள்கிறது. உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டைவிரலுக்கு மன்னியுங்கள். ரெக்கார்டிங்கை மூன்று முறை கேட்டேன். முதல் கன்செர்ட்டோவில் நீங்கள் நுழைகிற இடம் பிரமாதம். மூன்றாவதில் மெதுவாகப் போகும் பகுதியைக் கேட்டுப் பிரிசில்லா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். நாலாவதில் குதிரை ஓடுகிற மாதிரி வருமே, அதில் ஒரு சுரம்கூடத் தவறவில்லை. எல்லாம் நன்றாக இருக்கிறது.

இங்கே நாட்டியாஞ்சலிக்கு இப்போதே கீழ வீதியில் பந்தல் சாமான் வந்து இறங்கிவிட்டது. கீரப்பாளையம் பக்கம் அறுவடை முடிந்து ரோடெல்லாம் வைக்கோல். கிள்ளையிலிருந்து நல்ல இறால் வந்தது, உங்களை நினைத்துக்கொண்டே சாப்பிட்டோம்.

அன்புடன்,
அன்பரசு

*

கடலூர் முதுநகர்,
2.3.2024

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கு சுகம். நீங்கள் சாப்பிட்ட இறாலும் சுகமாகச் செரித்திருக்கும்.

முதல் கன்செர்ட்டோ, மூன்றாவது, நாலாவது, வைக்கோல், பந்தல் சாமான் எல்லாம் வந்தது. நான் கேட்டது வரவில்லை. 'எல்லாம் நன்றாக இருக்கிறது' என்பது கல்யாண வீட்டில் சாம்பார் வாளியோடு வருகிறவரிடம் சொல்கிற பதில். கணக்கு வாத்தியாராக முப்பத்து நாலு வருஷம் இருந்தவர் நீங்கள். 'எல்லாம் சரி' என்று ஒரு பேப்பரைத் திருத்திக் கொடுத்திருக்கிறீர்களா?

அந்த மீதிப் பகுதியை எழுத எனக்குப் பதினோரு மாதம் ஆனது. அவர் எழுதிய தொண்ணூற்றொரு பாரை நாற்பது தடவை கையால் காப்பி எடுத்தேன், கை அவர் பழக்கத்துக்கு வரட்டும் என்று. என் வாழ்நாளில் மற்றவர் எழுதியதைத்தான் ஊதியிருக்கிறேன். பரேடு, ராஷ்டிரபதி வருகை, சாவு, எல்லாவற்றுக்கும். நானாக எழுதி நானாக வாசித்தது இது ஒன்றுதான். காது போன பிறகு இனி இன்னொன்று இல்லை. அது நல்லதா குப்பையா என்று தெரியாமல் நான் எப்படி உட்கார்ந்திருப்பது?

போன வருஷம் பாண்டிச்சேரி டாக்டர் என் நோட்டில் எழுதிக் காட்டினாரே, ஞாபகம் இருக்கிறதா? 'ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தா மிச்சத்தைக் காப்பாத்தியிருக்கலாம்.' ஒரு வருஷம் முன்னாடி எனக்கே தெரியாதே டாக்டர் என்றேன். அது கிடக்கட்டும்.

கேள்வியைக் குறுக்கித் தருகிறேன். தொண்ணூற்றொன்றிலிருந்து தொண்ணூற்று இரண்டுக்குப் போகும்போது ஒட்டு தெரிகிறதா, தெரியவில்லையா? ஒரு வார்த்தை போதும்.

ஆரோக்கியராஜ்

*

சிதம்பரம்,
25.3.2024

மதிப்பிற்குரிய மச்சானுக்கு,

எங்கள் வணக்கம். பதில் தாமதமாகிவிட்டது. திருவிழாக் கூட்டம், பிறகு வீட்டில் வெள்ளையடிப்பு. பிரிசில்லாவுக்குச் சுண்ணாம்பு வாசத்தில் தும்மல் நிற்கவில்லை, இப்போது தேவலை.

நீங்கள் கேட்டது பற்றி யோசித்தேன். இந்தக் காலத்தில் யாரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்பதில்லை மச்சான். நாலு கன்செர்ட்டோவோடு சி.டி.யை நிறுத்திவிட்டால் கச்சிதமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் முடிக்காமல் விட்டதைப் பிறகு தனியாகப் போட்டுக்கொள்ளலாம். ஹாலில் அன்றைக்கு எதிரொலியும் கொஞ்சம் ஜாஸ்தி. ஒட்டுப் போடுகிற விஷயமெல்லாம் இளவரசுக்குத்தான் தெரியும், அவனைக் கேட்டால் விவரமாகச் சொல்வான்.

வெயில் ஆரம்பித்துவிட்டது. மத்தியானத்தில் வெளியே போகாதீர்கள்.

அன்புடன்,
அன்பரசு

*

கடலூர் முதுநகர்,
3.4.2024

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் இருவருக்கும் ஈஸ்டர் வாழ்த்து. ஆண்டவர் மூன்றாம் நாள் எழுந்துவிட்டார். உங்கள் பதில் ஐம்பது நாளாக எழவில்லை.

ஒரு வார்த்தை கேட்டேன், ஒரு பக்கம் வந்தது. அதிலும் அந்த ஒரு வார்த்தை இல்லை. நிறுத்திவிடலாம் என்கிறீர்கள். ஏன் நிறுத்த வேண்டும்? நன்றாக இல்லையென்றால் நன்றாக இல்லை என்று எழுதுங்கள். எனக்கு வயது அறுபத்தாறு, அழுது புரள மாட்டேன். நன்றாக இருக்கிறதென்றால் ஏன் வெளியே தள்ளச் சொல்கிறீர்கள்?

நீங்கள் சொன்னபடியே இளவரசு ஸ்டூடியோவுக்குப் போனேன். மத்தியான வெயிலில்தான் போனேன். கேள்வியை எழுதி நீட்டினேன். அவன் பேனாவை வாங்கி, தலையைச் சொறிந்து, 'சார், அத உங்க மாப்பிள்ளைகிட்டயே கேட்டுக்குங்க' என்று எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டு டீ வாங்கப் போய்விட்டான். அவனுக்கும் உங்களுக்கும் நடுவில் நான் பந்தா?

பக்கத்து வீட்டுக் கலியமூர்த்தியைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் போட்டுக் காட்டினேன். பஸ் டிரைவராக இருந்து ரிட்டயரானவர். முழுசாகக் கேட்டுவிட்டு நோட்டில் எழுதினார்: 'நம்ம வண்டி ஹார்னு மாதிரி இல்ல சார், நல்லா இழுத்து ஊதுறீங்க.' அந்த மனுஷர் கேட்ட கேள்விக்காவது பதில் சொன்னார்.

இதற்கும் பதில் வரவில்லையென்றால் வேறு வழி பார்த்துக்கொள்வேன்.

ஆரோக்கியராஜ்

*

சிதம்பரம்,
15.4.2024

மதிப்பிற்குரிய மச்சானுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு மனத்தாங்கல் வருமென்றால் ஐந்தையும் போட்டுவிடுங்கள். இளவரசுவிடம் சொல்லிவிட்டேன். எல்லாம் நன்றாகவே இருக்கிறது.

அன்புடன்,
அன்பரசு

*

கடலூர் முதுநகர்,
28.4.2024

மாப்பிள்ளை அன்பரசுவுக்கு,

இந்த முறை சுகம் விசாரிக்கவில்லை.

வேறு வழி பார்ப்பேன் என்றேன், பார்த்தேன். பேண்டில் இருந்தபோது வாங்கிய சுருதி மீட்டர் ஒன்று பீரோவில் கிடந்தது. சுருதி சரியாக இருந்தால் முள் நடுவில் நிற்கும், இறங்கினால் இடப்பக்கம் சாயும். செவிடனுக்கும் தெரியும். அதை ஸ்பீக்கர் முன்னால் வைத்தேன். இசை எழுதிய நோட்டைக் கையில் விரித்துக்கொண்டு, இன்னொரு கையை ஸ்பீக்கர் மேல் வைத்து, பார் பாராக எண்ணிக்கொண்டே பார்த்தேன்.

நாலு கன்செர்ட்டோவிலும் முள் நடுவில். மகிழ்ச்சி. ஐந்தாவது ஆரம்பித்தது. முள் இடப்பக்கம் சாய்ந்தது. நான் இன்னும் ஹார்னை வாயில் வைக்கவே இல்லை. முதலில் கீபோர்டு மட்டும்தானே வாசிக்கிறது? அதுவே கீழே இருக்கிறது. பிறகு ஹார்ன் வந்தது, அதுவும் அதே அளவு கீழே. தொண்ணூற்று இரண்டாவது பார் வந்தது. முள் தொபுக்கென்று இன்னும் இடப்பக்கம் விழுந்தது. ஹார்னும் கீபோர்டும் சேர்ந்தே விழுந்தன. அப்புறம் கடைசிவரை எழுந்திருக்கவில்லை.

ஹார்ன் இறங்கும். உதடும், ஹார்ன் வாய்க்குள் வைக்கிற வலது கையும் சேர்ந்து சுருதி பிடிக்கிற வாத்தியம் அது. காது சொல்லாவிட்டால் கை உள்ளே போகும், சுருதி கீழே போகும். கீபோர்டு மின்சாரத்தில் ஓடுவது. அது தானாக இறங்காது. யாராவது பொத்தானை அமுக்கி இறக்க வேண்டும்.

ஆக, 2022 நவம்பரிலேயே என் காது போகிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு முன்னால், டாக்டருக்கு முன்னால் தெரிந்திருக்கிறது. சொல்லவில்லை. பொத்தானை அமுக்கினீர்கள்.

ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தா என்று அந்த டாக்டர் எழுதிய தாள் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. இப்போது அதை எடுத்துப் படித்தேன். எனக்கு நெஞ்சு எரிகிறது மாப்பிள்ளை.

அந்த மோசார்ட் தன் ஹார்ன்காரச் சிநேகிதருக்கு எழுதிக் கொடுத்த நோட்டின் மேலேயே கிண்டல் எழுதி வைத்திருக்கிறார். 'அடக் கழுதையே, சீக்கிரம் வா', 'ஐயோ, சுருதி போச்சே' என்றெல்லாம். அதுதான் சிநேகிதம். நீங்கள் எனக்குச் செய்ததற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை.

இளவரசுவிடம் சி.டி. வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

ஆரோக்கியராஜ்

*

சிதம்பரம்,
17.7.2024

மதிப்பிற்குரிய மச்சானுக்கு,

பிரிசில்லா சுகமாக இருக்கிறாள். நான் அவ்வளவாக இல்லை. முழங்கால் காரணமல்ல.

மே மாதத்திலிருந்து இந்தக் கடிதத்தை ஐந்து முறை எழுதிக் கிழித்தேன். இதையும் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிடுவேன்.

நீங்கள் எழுதியது அத்தனையும் உண்மை. நாலு கன்செர்ட்டோவும் வாசித்து முடிந்து ஒரு மாதம் கழித்து ஐந்தாவதற்கு உட்கார்ந்தோம். ஆரம்பித்த உடனே ஹார்ன் இறங்கியிருப்பது கேட்டது. குளிர்ந்த வாத்தியம், போகப் போகச் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. நீங்கள் நிறுத்தி நிறுத்தி, 'என்னமோ ஒத்து வரலியே மாப்ள' என்று முகம் சுளித்தீர்கள். உங்களுக்கு அது ஹார்னா கீபோர்டா என்று பிடிபடவில்லை. டீ குடிக்க வெளியே போனீர்கள். நான் பொத்தானை அமுக்கிக் கீபோர்டின் சுருதியை 440-லிருந்து 436-க்கு இறக்கினேன். திரும்பி வந்து வாசித்தீர்கள். வாசித்து முடித்துவிட்டுச் சிரித்தீர்கள். 'இன்னைக்குத்தான் மாப்ள சரியா உக்காந்துச்சு' என்றீர்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த வாரம் நீங்கள் எழுதிய பகுதி. அன்றைக்கு ஹார்ன் இன்னும் கீழே. 431-க்கு இறக்கினேன். ஹாலில் இருந்தவரை இரண்டும் சேர்ந்தே இறங்கியதால் ஒன்றும் தெரியவில்லை. இளவரசு இரண்டு நாளையும் ஒட்டியபோது சரியாகத் தொண்ணூற்று இரண்டாவது பாரில் சுருதி மொத்தமாக இறங்கிவிட்டது. கேட்கிறவர் யாருக்கும் தெரியும். அவனிடம் வாயைத் திறக்காதே என்று சொன்னது நான்தான்.

பிரிசில்லாவுக்கு இதில் எதுவும் தெரியாது. நேற்றுதான் சொன்னேன். 'எங்க அண்ணன் காத நீங்கதான் பாத்துருக்கணும்' என்றாள்.

பள்ளிக்கூடத்தில் அரை மார்க் குறைக்க நான் யோசித்ததே இல்லை. உங்களிடம் மட்டும் ஏன் முடியவில்லை என்று இரண்டு மாதமாக யோசித்துப் பார்க்கிறேன். உங்கள் அப்பா இல்லாத இடத்தில் நின்று பிரிசில்லாவை என் கையில் பிடித்துக் கொடுத்தவர் நீங்கள். பெண் கொடுத்த வீட்டு மச்சானுக்கு முகத்துக்கு நேரே குற்றம் சொல்வது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. குழம்பில் உப்பு ஜாஸ்தி என்றால்கூட இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிடுவார் என் அப்பா. நான் உங்கள் காதுக்கும் அதையே செய்துவிட்டேன். இது மரியாதை இல்லை, கோழைத்தனம். இப்போது தெரிகிறது.

மன்னிப்புக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. நீங்கள் எழுதிய பகுதி நல்ல சங்கீதம். இதை நீங்கள் நம்ப மாட்டீர்கள் என்பதுதான் எனக்குக் கிடைத்த தண்டனை.

அன்பரசு

*

கடலூர் முதுநகர்,
5.8.2024

மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மன்னித்துவிட்டேன் என்று எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. வராததை எழுத மாட்டேன். காலையில் எழுந்தால் கெடிலம் பாலத்தில் லாரி போவது கேட்கவில்லை, கோவில் மணி கேட்கவில்லை. ஒவ்வொரு தடவையும் அந்தப் பொத்தான் ஞாபகம் வருகிறது. டாக்டரிடம் ஒரு வருஷம் முன்னால் போயிருந்தாலும் காது தங்கியிருக்குமா என்று யாருக்கும் தெரியாது. அதையும் நினைத்துக்கொள்கிறேன். அது மனதை ஆற்றவில்லை.

ஆனால் ஒரு காரியம் செய்தாக வேண்டும். இரண்டு வாரமாகச் சுருதி மீட்டரை ஸ்டாண்டில் மாட்டிவைத்து, முள்ளைப் பார்த்துக்கொண்டே ஹார்ன் ஊதுகிறேன். முள் இடப்பக்கம் போனால் கையை வெளியே இழுக்கிறேன். மெதுவாக வாசித்தால் பிடிபடுகிறது. வேகமாக வரும் இடங்களில் நான் முள்ளைப் பார்ப்பதற்குள் அடுத்த சுரம் போய்விடுகிறது. அதைச் சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

செப்டம்பரில் மேல்பட்டாம்பாக்கம் ஹால் கிடைக்கும் என்றார்கள். கீபோர்டை எடுத்துக்கொண்டு வாருங்கள். 440-ல் வைத்து, அந்தப் பொத்தான் மேல் நானே பிளாஸ்திரி ஒட்டுவேன். நான் எழுதிய இசை நோட்டின் காப்பி ஒன்றும், ஒரு சிவப்புப் பேனாவும் கொண்டு வாருங்கள். முழுசாக ஒரு தடவை வாசிப்போம். நீங்கள் அதை வீட்டுக்குக் கொண்டு போய்க் கேட்டு, பேப்பர் திருத்துகிற மாதிரி திருத்தி அனுப்ப வேண்டும். நான் மச்சான் இல்லை, பத்தாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் இருக்கிற பையன். பாஸா பெயிலா என்று அதைப் பார்த்துத் தீர்மானிப்பேன்.

முடியாதென்றால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

ஆரோக்கியராஜ்

*

சிதம்பரம்,
2.10.2024

மதிப்பிற்குரிய மச்சானுக்கு,

வணக்கம். போன வாரம் ஹாலில் வேர்த்த சட்டையோடு பஸ்ஸில் போனீர்களே, சளி பிடிக்கவில்லையே?

இதோடு நோட்டின் காப்பியை அனுப்பியிருக்கிறேன். இளவரசு கொடுத்ததை ஒன்பது முறை கேட்டேன். நோட்டில் இருக்கும் சிவப்புக் குறிகள் புரியாமல் போனால் என்பதற்காக இங்கேயும் எழுதுகிறேன்.

தொண்ணூற்று ஏழு: நுழைவதற்கு அரை நொடி பிந்திவிட்டீர்கள். நூற்றுப் பதினெட்டு: சுருதி இறங்குகிறது. நூற்று இருபத்தொன்று: மறுபடியும். நூற்று முப்பத்து மூன்று, முப்பத்து நாலு: மோசம். இறங்கினது தெரிந்து கையை வெளியே இழுத்திருக்கிறீர்கள், ஆனால் ஒரேயடியாக இழுத்து மேலே போய்விட்டீர்கள். நூற்று நாற்பது: சுரம் உடைந்துவிட்டது, கலியமூர்த்தியின் வண்டி ஹார்ன்தான். நூற்று அறுபத்து மூன்று: ஐயோ, சுருதி போச்சே. நூற்று எழுபது முதல் எழுபத்தைந்து வரை வேகம் குறைகிறது, உங்களுக்காக நானும் குறைத்திருக்கிறேன், அது என் தவறு, எனக்கும் ஒரு மார்க் குறைத்துக்கொண்டேன். மற்றவை நோட்டில். மொத்தம் இருபத்து மூன்று.

எழுதியதிலும் ஒரு குற்றம் உண்டு. இருநூற்று ஆறில் நீங்கள் முடித்துவிட்டுத் திரும்ப ஒரு தடவை முடிக்கிறீர்கள். பேண்டு பழக்கம். ஒன்று போதும்.

நூற்று ஐம்பதிலிருந்து நூற்று ஐம்பத்தாறு வரை நன்றாக இருக்கிறது.

தொண்ணூற்று இரண்டில் ஒட்டு தெரியவில்லை.

அன்பரசு

*

கடலூர் முதுநகர்,
8.10.2024

அன்புள்ள மாப்பிள்ளை அன்பரசுவுக்கு,

இங்கே சளி இல்லை, சுகம். நீங்களும் தங்கச்சியும் சுகமாக இருக்க வேண்டும். முழங்காலுக்குத் தைலம் ஒன்று கலியமூர்த்தி சொன்னார், வரும்போது தருகிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் நோட்டைத் தொடவில்லை. எனக்கு அவ்வளவு கோபம். நூற்று நாற்பதை நீங்கள் எழுதியிருக்கும் விதம் கொஞ்சம் ஓவர். மூன்றாம் நாள் நோட்டை எடுத்துவைத்து இருபத்து மூன்றையும் முள்ளோடு சரிபார்த்தேன். இருபத்திரண்டு சரி. நூற்று இருபத்தொன்றில் இறங்கியது நான் இல்லை, உங்கள் விரல் பக்கத்துக் கட்டையில் பட்டிருக்கிறது. போய்க் கேட்டுப் பாருங்கள்.

இருநூற்று ஆறில் இரண்டாம் தடவை முடித்ததைப் பேனாவால் அடித்துவிட்டேன். வருகிற வியாழக்கிழமை கீபோர்டோடு ஹாலுக்கு வாருங்கள், மற்ற இடங்களைத் திரும்ப வாசிப்போம். பிளாஸ்திரி அப்படியே இருக்கட்டும். ஐந்தும் சேர்த்துத்தான் சி.டி. என்று இளவரசுவிடம் சொல்லியாகிவிட்டது.

நூற்று ஐம்பதிலிருந்து நூற்று ஐம்பத்தாறு வரை நன்றாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பிப்ரவரியிலும் இதே வார்த்தையைத்தான் எழுதினீர்கள். இந்தத் தடவைதான் எனக்குக் கேட்டது.

உங்கள் மச்சான்,
ஆரோக்கியராஜ்